ஒரே அறை, இரண்டு மூக்கு: கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் நறுமண எண்ணெய்த் தவறுகள்

போன மாதம் என் வகுப்புக்கு ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஒரு துணிப்பையோடு வந்தார். ஊட்டிக்குப் போன உறவினர் வாங்கி வந்த ஐந்து குப்பிகள் அதில் இருந்தன. யூகலிப்டஸ், வின்டர்கிரீன், லெமன்கிராஸ், கற்பூரத் தைலம், 'லாவண்டர்' என்று காகிதம் ஒட்டிய ஒன்று. "தூக்கமே வரமாட்டேங்குதுக்கா, மனசு படபடன்னு இருக்கு. இதுல எதைப் போடலாம்?" என்று கேட்டார். முதல் நான்கையும் பையிலேயே வைக்கச் சொன்னேன். லாவண்டரை மட்டும் திறந்து முகர்ந்தேன். அதிலும் கற்பூர நெடி அடித்தது. அதையும் மூடிவிட்டேன்.

பதினாறு வருடங்களுக்கு முன் அதே மாதிரி ஒரு பை என்னிடமும் இருந்தது. இப்போது கோவையில் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நறுமண எண்ணெய்களைப் பயன்படுத்தக் கற்றுத் தருகிறேன். எண்ணெயைக் குடிக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது குப்பியிலேயே அச்சடித்திருக்கும். விவரம் தெரிந்தவர்களும் செய்கிற, நானும் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## முதல் மூன்று மாதத்திலேயே குப்பியைத் திறப்பது

மசக்கையில் மூக்கு கூர்மையாகிவிடும். தாளிக்கிற வாசனைக்கே எழுந்து ஓடுகிறவரிடம் ரோஜா எண்ணெயை நீட்டினால் அமைதி வராது, வாந்திதான் வரும். அந்த மணமும் குமட்டலும் சேர்ந்து மனதில் ஒட்டிக்கொண்டால் லேசில் பிரியாது. எட்டாவது வாரத்தில் அப்படி அவதிப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைக்கு இரண்டு வயதான பிறகும் அவரால் ரோஸ்மில்க் குடிக்க முடியவில்லை.

முதல் பன்னிரண்டு வாரம் நான் யாருக்கும் எந்த எண்ணெயும் தருவதில்லை. பஸ்ஸில் போகும்போது எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே போவார்களே, அது போதும். தோலை நகத்தால் கீறினாலே அதன் எண்ணெய் வெளியே வந்துவிடும். எலுமிச்சை மணம் மசக்கைக் குமட்டலை ஓரளவு தணிப்பதாக 2014இல் இரானிலிருந்து ஓர் ஆய்வும் வந்திருக்கிறது.

## சொட்டை எண்ணாமல் ஊற்றுவது

தோலில் தடவுவதென்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நறுமண எண்ணெய் 6 சொட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

## வாசனை வந்தால் நல்ல எண்ணெய் என்று நம்புவது

நூறு ரூபாய்க்கு 'மல்லிகை எசென்ஷியல் ஆயில்' விற்கிறார்கள். மல்லிகைப் பூ ஆவியில் வடிக்கும் சூட்டைத் தாங்காது, மணம் கெட்டுவிடும். அதனால் பூவைக் கரைப்பானில் ஊறவைத்து முதலில் மெழுகு மாதிரி 'கான்கிரீட்' எடுக்கிறார்கள். பிறகு ஆல்கஹாலால் கழுவி அதிலிருந்து 'அப்சல்யூட்' எடுக்கிறார்கள். ரோஜாவை ஆவியில் வடிக்கலாம், ஆனால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 டன்னுக்கும் மேல் இதழ் வேண்டும். பூ விற்கிற விலையை நினைத்துப் பார்த்தால் நூறு ரூபாய்க் குப்பியில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். அது செயற்கை வாசனை. புடவைப் பெட்டியில் வைக்கலாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தோலில் தடவ வேண்டாம்.

லாவண்டர் விஷயம் வேறு. அது அசலாகவே இருந்தாலும் தவறாகப் போகலாம். நாம் தேடுவது லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற செடியின் எண்ணெய். ஸ்பைக் லாவண்டர் எனப்படும் லவாண்டுலா லாட்டிஃபோலியாவும் கடையில் 'லாவண்டர்' என்றே விற்கும், அதில் கற்பூரச் சத்து கணிசமாக இருக்கும். குப்பியில் தாவரப் பெயர் முழுசாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.

## இடுப்பு வலிக்கு வின்டர்கிரீன்

இந்த எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தக்காரர். ஒரு தேக்கரண்டியில், 5 மில்லியில், சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். தோல் அதை நன்றாகவே உறிஞ்சும். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போடாத கவனமான பெண்கள், இதை உள்ளங்கையில் ஊற்றி இடுப்பில் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வலி நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

## குழந்தை படுத்திருக்கும் அறையில் தைலமும் கற்பூரமும்

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

என் மகள் பிறந்த முப்பத்தெட்டாவது நாள், மார்கழி மாதம். எனக்குச் சளி, தலைபாரம், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நறுமணச் சிகிச்சையில் ஒரு சான்றிதழ்ப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். மூக்கும் திறக்கும், மனசும் லேசாகும் என்று, மணத்தைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் யூகலிப்டஸ் நாலு சொட்டும் பெப்பர்மின்ட் நாலு சொட்டும் விட்டேன். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. கால் மணி நேரத்தில் எனக்கு மணம் தெரியாமல் போனது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் நாலு சொட்டு விட்டேன். சாயங்காலமே என் அம்மா, குழந்தைக்கும் சளி ஒட்டிவிடக் கூடாது என்று, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை அவள் நெஞ்சில் தடவியிருந்தார்.

நள்ளிரவு தாண்டிக் குழந்தையின் மூச்சு மாறியது. இழுத்து இழுத்து விட்டாள், நடுவே மூச்சு நின்று நின்று வந்தது. விளக்கைப் போட்டால் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். பணியில் இருந்த குழந்தை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே குனிந்து அவள் நெஞ்சை முகர்ந்தார். "முதல்ல இதைத் துடைச்சு எடுங்க" என்று நர்ஸிடம் சொன்னார். இரண்டு நாள் அங்கே இருந்தோம். பிள்ளை தேறிவிட்டாள். இப்போது பத்தாவது முடித்துவிட்டாள். ஆனாலும் மார்கழியில் யாராவது யூகலிப்டஸ் குப்பியைத் திறந்தால் எனக்கு அந்த உதடுதான் கண் முன் வருகிறது.

அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவோம், பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடும். அதே காற்றிலிருந்து அதன் எடைக்கு நம்மைவிட அதிகமாக உள்ளே போகிறது. பெப்பர்மின்டில் உள்ள மென்தால் கைக்குழந்தையின் மூக்கில் பட்டால் தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகக்கூடும். பெரியவர்களுக்குக் குளுகுளுவென்று இருக்கிற அதே பொருள்தான். மென்தாலையும் கற்பூரத்தையும் உடைத்து வெளியேற்ற வேண்டிய ஈரல் நொதிகள் அந்த வயதில் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், வலிப்பைக் கொண்டுவரும். அமெரிக்க மருந்துத் துறை 1980களிலேயே வலித் தைலங்களில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. கற்பூரமும் மென்தாலும் சேர்ந்த நெஞ்சுத் தைல டப்பாக்களில் இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது என்று போட்டிருப்பதும் இதனால்தான்.

எனக்கு மணம் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். காற்றில் எண்ணெய் அப்படியே இருக்கும், நமக்குத்தான் உறைக்காது. உறைக்கவில்லையே என்று நாம் மேலும் மேலும் ஊற்ற, அத்தனையையும் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

அமைதிக்கு அவ்வளவு மணம் தேவையே இல்லை. லாவண்டரில் இருக்கும் லினலூல் என்ற பொருளை எலிகளுக்கு முகரக் கொடுத்து ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், முகரும் எலிகளின் பதற்றம் தணிந்தது. முகரும் திறன் அழிக்கப்பட்ட எலிகளுக்குத் தணியவில்லை. மணம் மூக்கில் பட்டால்தான் பலன், மூக்கில் பட ஒரு சொட்டு போதும்.

"அந்தக் காலத்துல எல்லாப் பிள்ளைக்கும் போட்டாங்களே, என்ன ஆச்சு?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் கேட்டார், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு. எத்தனை குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்குச் 'சீர்' என்றும் 'தோஷம்' என்றும் பெயர் வைத்து மந்திரிக்கக் கொண்டு போயிருப்போம் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. அந்தக் காலத்து அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இன்று சொல்லித் தர வேண்டிய என் தொழில்காரர்களே குழந்தைப் படம் போட்ட யூகலிப்டஸ் குப்பியை விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போன வருடம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருவர், பிள்ளை பெற்று இருபது நாளான தாய்க்குத் தலைபாரத்துக்கு என்று மணிக்கட்டில் உருட்டுகிற தைலத்தைக் கொடுத்திருந்தார். பால் கொடுக்கும்போது தாயின் மணிக்கட்டு எங்கே இருக்கும்? குழந்தையின் மூக்குக்கு நேராக.

தைலம் பட்ட குழந்தை துவண்டாலோ, மூச்சு இழுத்தாலோ, கை கால் வெட்டினாலோ கை வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே அந்த அறையை விட்டு வெளியே தூக்கி வாருங்கள். தடவியதைத் துணியால் துடைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். குப்பியையும் எடுத்துப் போங்கள். வாயில் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

## மார்பில் மணம் பூசுவது

மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிகள் சொல்வார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதையே சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். பால் சுரப்பை நிறுத்தத் தரும் புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்டார்கள். பூவும் பாலைக் குறைக்கத்தான் செய்தது. பால் கொடுக்க விரும்புகிறவர் மல்லிகை எண்ணெயை மார்புப் பக்கம் கொண்டு போக வேண்டாம்.

மற்ற எண்ணெய்களும் அங்கே வேண்டாம். பிறந்து ஆறே நாளான குழந்தைகள், தாயின் மார்பில் வைத்திருந்த துணிப்பட்டையை மணத்தாலேயே அடையாளம் கண்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதை 1975இல் மக்ஃபார்லேன் என்ற ஆய்வாளர் காட்டினார். உங்கள் உடம்பின் மணம்தான் பிள்ளைக்கு வழி. அதன் மேல் வேறொன்றைப் பூசாதீர்கள்.

## சாம்பிராணிப் புகை

குழந்தைக்குக் காட்ட வேண்டாம். துண்டால் துவட்டினாலே அந்தத் தலைமுடி காய்ந்துவிடும்.

## அந்துருண்டை

குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

## நிற்காத அழுகைக்கு லாவண்டர்

பிரசவமான மூன்றாம் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அந்த நாட்களில் ஒரு நல்ல மணம் கொஞ்சம் ஆறுதல் தரும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் அது எண்ணெய் விஷயமே இல்லை. அது சிகிச்சை எடுத்தால் குணமாகும் நோய்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு நான்கு வாரம் வாராவாரம் எண்ணெய் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாவது வாரம் அவருடைய அண்ணிதான் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். நான் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். இப்போது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியலைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எண்ணெயைத் தொடுவதற்கு முன் அந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுவேன். பதில்கள் கவலை தந்தால் டாக்டரிடம் அனுப்புகிறேன். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் அவரைத் தனியே விடாமல் வீட்டாரை வரச்சொல்லி அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வைக்கிறேன். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

## சரி, எதைத்தான் போடுவது

துணிப்பையோடு வந்த பெண்ணுக்கும் இதையேதான் சொன்னேன். முதலில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். அப்புறம் தாவரப் பெயர் சரியாக இருக்கும் லாவண்டர் ஒரே ஒரு சொட்டு, பஞ்சில் விட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பத்து நிமிடம். டிஃப்யூசர் வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு முதல் சில மாதங்களுக்கு இந்தப் பத்து நிமிடத்தையும் வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நேரம் பிள்ளை அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ இருக்கட்டும். முடிந்ததும் பஞ்சை மூடி போட்ட டப்பாவில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பிள்ளையை வாங்குங்கள்.