கதையின் முதல் வரி: ஒரு வாரப் பயிற்சி

முதல் வரி பிடிபடவில்லை என்பதற்காகவே கதையை எழுதாமல் விட்டவர்கள் பலர். அந்த வரி தானாக வந்து அமைவதைவிட, எழுதி எழுதிக் கண்டெடுக்கப்படுவதே அதிகம் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒரு நோட்டும் தினம் அரை மணி நேரமும் இதற்குப் போதும்.

முதலில் ஒரே ஒரு சம்பவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அப்பா இறந்து ஒரு மாதம் கழித்து, ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை நீக்குவதற்காக மகள் மனு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எழுதுபவர் பெரும்பாலும், "அதிகாலை நேரம். கதிரவன் மெல்ல எழுந்துகொண்டிருந்தான்" என்று தொடங்குவார். இதை எந்தக் கதையின் தலையிலும் வைக்கலாம். அதுவே இதன் குறை. ஆனாலும் அடித்துவிடாமல் தொடர்ந்து எழுதுங்கள். ஏழெட்டு வரி தாண்டும்போது இப்படி ஒன்று தட்டுப்படலாம்: "நீக்க வேண்டிய பெயர் என்ற கட்டத்தில் செல்வி தன் பெயரை எழுதியிருந்தாள்." கதை இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு மேலே உள்ள அனைத்தையும் இப்போது நீக்கிவிடலாம்.

அடுத்த இரண்டு நாட்களும் இந்த ஒரு வரியோடு மட்டும் இருங்கள். சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். "செல்வி தன் பெயரை, நீக்க வேண்டிய பெயர் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்" என்றால் பொருள் மாறவில்லை. ஆனால் அதிர்ச்சி குறைந்துவிடுகிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், அதற்குச் சற்று முன்னால் நிற்கும் சொல்லில்தான் வாசகரின் கவனம் அழுத்தமாக விழுகிறது. முதல் வடிவத்தில் அந்த இடத்தில் "தன் பெயரை" இருந்தது. மாற்றிய வடிவத்தில் வெறும் கட்டம் இருக்கிறது. பயிற்சி முழுவதிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

பிறகு விகுதியைக் கவனியுங்கள். "எழுதியிருந்தாள்" என்பதை "எழுதியிருந்தார்" என்று மாற்றினால், செல்விக்கு வயது கூடிவிடுகிறது, கதைசொல்லியும் ஓரடி விலகி நின்றுவிடுகிறார்.

சிறு விவரம் ஒன்று எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு, 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் முதல் வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் இடத்தில், "ஆபத்தில்லாத ஓரத்தில்" பிள்ளையை நிறுத்துகிறார் புதுமைப்பித்தன். அந்த இரண்டு சொற்களிலேயே பிள்ளையின் சுபாவம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் வரியிலும் அப்படி ஒரு விவரத்துக்கு இடமுண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் வலிந்து திணிக்க வேண்டாம்.

ஏழாம் நாள், வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, நண்பர் ஒருவரிடம் அதை மட்டும் காட்டுங்கள். "யார் இந்தச் செல்வி?" என்று மட்டும் கேட்டால், மறுபடி வரிக்குத் திரும்புங்கள். "ஏன் தன் பெயரை எழுதினாள்?" என்று கேட்டால், இரண்டாவது வரியை எழுதத் தொடங்குங்கள்.