என்.ஆர்.எஃப்.2-ஐத் தூண்டும் மருந்துகள்: தவறுகள் எங்கே நடக்கின்றன?

செல்லின் பாதுகாப்பு நொதிகளை முடுக்கிவிடும் புரதம் என்.ஆர்.எஃப்.2. வைட்டமின் சி மாத்திரையும் அதைத் தூண்டும் மருந்துகளும் ஒரே ரகம் என்று நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. வைட்டமின் சி ஆக்சிஜனேற்றிகளை நேரடியாக மடக்கி, அதிலேயே செலவாகிவிடும். என்.ஆர்.எஃப்.2-ஐத் தூண்டும் டைமெத்தில் ஃபியூமரேட் மருந்து செய்வது வேறு வேலை. செல்லுக்குள் என்.ஆர்.எஃப்.2 புரதம் உருவாக உருவாக, கீப்-1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மருந்து கீப்-1-இல் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் ஒட்டியதும் அந்தப் பிடி தளர்கிறது. தப்பிய என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் போய், குளூட்டாத்தயோன் என்ற காப்புப் பொருளைத் தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்சிஜனேஸ்-1 போன்ற பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சொல்லப்போனால் இது செல்லைச் சற்றே சீண்டிவிடும் வேலை. அதனால்தான் ‘கூடுதல் அளவு, கூடுதல் காப்பு’ என்ற கணக்கு இங்கே செல்லாது. அளவு மிஞ்சினால் செல்லே காயப்படும்.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்குத் தரப்படும் டைமெத்தில் ஃபியூமரேட்டை முதல் 7 நாள் 120 மி.கி. வீதம் இரு வேளை எடுத்து, பிறகே 240 மி.கி.க்கு ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே முழு அளவுக்குத் தாவினால் முகம் சிவந்து எரியும், வயிறு கலங்கும். உணவோடு எடுத்தால் சிவத்தல் குறையும். விழுங்கச் சிரமம் என்று காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டவோ நசுக்கவோ கூடாது. இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரைவதற்கான உறை வீணாகிவிடும்.

உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் இவற்றில் மோசமான தவறு. டைமெத்தில் ஃபியூமரேட் எடுப்பவர்களுக்கு லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சத்தமில்லாமல் சரியும். மைக்ரோ லிட்டருக்கு 500-க்குக் கீழே 6 மாதத்துக்கு மேல் நீடித்தால், மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டிய கட்டம் அது. மூளையைத் தாக்கும் பி.எம்.எல். என்ற அரிய தொற்றுக்கு அந்தச் சரிவு வழிவிடக்கூடும்.

ஃபிரீட்ரீக் அட்டாக்ஸியா என்ற பரம்பரை நரம்பு நோய்க்கு 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, இதே வகை மருந்தான ஓமாவெலோக்சோலோனுக்கு விதி நேரெதிர்: 150 மி.கி., தினம் ஒரு முறை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 1 மணி நேரமாவது முன்பு. மருந்தைத் தொடங்கும் முன்பும், முதல் 3 மாதங்கள் மாதாமாதமும் ரத்தத்தில் கல்லீரல் நொதிகளைப் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கும். அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கிரேப்ஃப்ரூட் வேண்டாம்.

‘பாதுகாப்பு நொதிதானே, யாருக்கும் ஆகும்’ என்பதும் தவறே. இதே வகையைச் சேர்ந்த பார்டாக்சோலோன் மெத்தில் மருந்தை நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்த பீக்கன் ஆய்வு, இதயச் செயலிழப்பு அதிகரித்ததால் 2012-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. புற்றுநோய் இருப்பவர்கள் தாமாகவே, என்.ஆர்.எஃப்.2-ஐத் தூண்டும் சல்ஃபோரஃபேன் காப்ஸ்யூல் வாங்கி விழுங்குவதும் ஆபத்தான விளையாட்டு. நுரையீரல் புற்றுநோய்கள் சிலவற்றில் கீப்-1 மரபணுவே பழுதாகி, என்.ஆர்.எஃப்.2 ஓயாமல் இயங்குகிறது. கீமோதெரபி மருந்தைத் தாக்குப்பிடிக்கப் புற்றுச் செல்களுக்கு உதவுவதும் அதே நொதிகள்தான்.