கேமரா விலையைப் பார்க்காதீர்கள், புக்கிங் நம்பரைப் பாருங்கள்

மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பதால், கடலூரில் போட்டோ போட்டி நடத்துகிறவர்கள் விதிமுறை எழுத என்னிடம் வருவதுண்டு. முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, அமெச்சூர், புரொபஷனல்னு ரெண்டாப் பிரிச்சிடலாமா?" தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் எதை வைத்து?

பலரும் கேமராவை வைத்துப் பிரிக்கிறார்கள். அது சரிப்படாது. பிச்சாவரத்தில் பறவை எடுக்க வரும் டாக்டர் ஒருவர் தோளில், தூரத்துப் பறவையைப் பக்கத்தில் காட்டும் 600 எம்எம் பிரைம் லென்ஸ் தொங்கும். அதன் விலை மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். அவருக்கு இது பொழுதுபோக்கு. திருவந்திபுரம் கோயிலில் ஒரே முகூர்த்தத்தில் வரிசையாகக் கல்யாணம் எடுக்கிற பையன் கையில் பழைய கேமராவும், அதோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸும்தான். அவனுக்கு இது சோறு. விலையை வைத்துப் பிரித்தால் டாக்டர் புரொபஷனல், பையன் அமெச்சூர் ஆகிவிடுவார்கள்.

சிலர், 'வருமானத்தில் பாதிக்கு மேல் போட்டோகிராபியிலிருந்து' என்று எழுதுகிறார்கள். யார் பாஸ்புக்கைக் காட்டப்போகிறார்கள்? நான் எழுதித் தருவது இது: 'கடந்த ஓராண்டில் ஆர்டர் பிடித்து, கூலி வாங்கிப் படம் எடுத்தவர் தொழில்முறைப் பிரிவு.' சந்தேகம் வந்தால் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'புக்கிங்குக்கு' என்று போன் நம்பர் இருந்தால் விஷயம் முடிந்தது. நண்பன் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்து பெட்ரோல் காசு வாங்கியவரை விட்டுவிடலாம். ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிற பையன், ஆல்பம் டிசைன் செய்கிற பெண் இருவரும் என் கணக்கில் அமெச்சூர்தான். கம்ப்யூட்டரிலேயே வேலை பார்க்கிற டிசைனருக்கு எடிட்டிங் பலம் அதிகம் என்று சண்டைக்கு வருவார்கள். அதற்கு எடிட்டிங்குக்கு வரம்பு வையுங்கள். ஆளின் பிரிவை மாற்றாதீர்கள்.

பிரித்துவிட்டு இரண்டு பிரிவுக்கும் ஒரே வேலையைக் கொடுப்பதிலும் அர்த்தமில்லை. சோனி உலகப் புகைப்பட விருதில் புரொபஷனல் பிரிவுக்குப் படத் தொடர் அனுப்ப வேண்டும், ஓப்பன் பிரிவுக்கு ஒற்றைப் படம் போதும். நல்ல ஏற்பாடு. ஒரு நல்ல படம் யாருக்கும் அமையும். ஒரே விஷயத்தை ஐந்து படத்தில் சொல்லப் பயிற்சி வேண்டும். நம் ஊர்ப் போட்டிக்கும் அமெச்சூருக்கு ஒன்று, தொழில்காரருக்கு ஐந்து என்று வையுங்கள். 'ஓப்பன்' என்ற பெயரை மட்டும் கடன் வாங்க வேண்டாம். அமெச்சூர் பிரிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது எல்லோருக்கும் திறந்த பிரிவு. 2023-ல் அந்த ஓப்பனில் ஒரு விருது பெற்ற போரிஸ் எல்டாக்சன் முழுநேரக் கலைஞர். தன் படம் செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று அவரே சொல்லிப் பரிசை மறுத்தார்.

தொழில்காரருக்கு உண்மையில் எங்கே கை ஓங்குகிறது? ஏற்பாட்டில். கெடிலம் ஆறு கடலில் சேருகிற பக்கம் மீனவர் ஒருவருக்குக் காசு கொடுத்து, வெளிச்சம் வரும்வரை வலையைத் திரும்பத் திரும்ப வீசச் சொன்னால் யாருக்கும் படம் விழும். தவறில்லை, அதுவும் ஒரு வேலை. ஆனால் அலுவலகம் போகிற வழியில் பத்து நிமிடம் நின்று எடுத்தவர் படத்தோடு அதை ஒரே மேசையில் வைக்கக் கூடாது. 'ஏற்பாடு செய்து எடுத்தது, கண்டதை எடுத்தது' என்று விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். பொய்யாக டிக் அடித்தால் பரிசு திரும்ப வரவேண்டும் என்றும் எழுதுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009 வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், வேலி தாண்டும் ஓநாய்ப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அவ்வளவு பெரிய இடத்திலேயே சிக்கல் என்றால், நமக்கு எழுத்தில் இருப்பது நல்லது.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் மட்டும் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த திருத்தாத மூலக் கோப்பு, கேளுங்கள். போனில் எடுத்தவரிடம் ஒரிஜினல் ஃபைல் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் ஆட்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உருவி அனுப்புவார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடமோ பெண் வீட்டாரிடமோ, ஆர்டர் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி இணைக்கச் சொல்லுங்கள். அமெச்சூருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நடுவர்கள் மூன்று பேர் போதும், ஒருவராவது ஸ்டூடியோ தொழிலுக்கு வெளியே இருக்கட்டும். கடலூரில் யார் எந்த பிரிசெட் (ரெடிமேட் கலர் செட்டிங்) போடுவார் என்று எங்களுக்குள் தெரியும். பெயரை மறைத்தாலும் கலரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். படத்தின் மேல் பெயர் பதித்த வாட்டர்மார்க் இருந்தால் உடனே நிராகரியுங்கள். படத்துக்கு நம்பர் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே திரையில் காட்டுங்கள். பேச ஆரம்பிக்கும் முன்பே மூவரும் மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். லைக் எண்ணிக்கைக்குப் பரிசு வேண்டவே வேண்டாம். ஸ்டூடியோ பக்கத்தைப் பின்தொடர்கிற கூட்டத்தோடு ஒரு காலேஜ் பெண் எப்படி மோதுவாள்?

பரிசுத் தொகை இரண்டு பிரிவுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அமெச்சூருக்குக் கோப்பை, தொழில்காரருக்கு ரொக்கம் என்றால் அடுத்த வருடம் பாதிப் பேர் பிரிவு மாறிவிடுவார்கள்.

கடைசியாகத் தேதி. உலகப் புகைப்பட தினம் என்று ஆகஸ்ட் 19-ஐப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது ஆவணி பிறந்திருக்கும், திருவந்திபுரம் கல்யாணங்களில் எங்கள் ஆட்கள் சிக்கியிருப்பார்கள். ஒரே காலையில் வெள்ளிக் கடற்கரையில் எடுக்கச் சொல்கிற நேரடிப் போட்டி என்றால் இன்னும் மோசம், பாதித் தொழில்காரர் வர முடியாது. ஆடி ஞாயிறு ஒன்றில் வையுங்கள். முகூர்த்தமும் இல்லை, அலுவலகமும் இல்லை.