பழைய யூஎஸ்பி ஸ்பீக்கரைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? டிரைவரைத் தேடும் முன் ஒயரைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பிள்ளைகள் வாங்கிவந்த பழைய ஸ்பீக்கர்கள் இன்னும் இருக்கின்றன. வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளையின் குரல் காது மந்தமான ஆச்சிக்குத் தெளிவாகக் கேட்பது அவற்றால்தான். அப்படிப்பட்ட ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டால் உடனே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஒயரில் இருக்கும், அல்லது கணினியின் அமைப்பில் இருக்கும்.

முதலில் ஸ்பீக்கரிலிருந்து எத்தனை முனைகள் வருகின்றன என்று பாருங்கள். யூஎஸ்பி முனையோடு வட்டமான 3.5 மி.மீ. பின்னும் இருந்தால், பெரும்பாலான மாடல்களில் யூஎஸ்பி மின்சாரத்துக்கு மட்டும்தான். ஒலி அந்தப் பின் வழியாகத்தான் போகும். அத்தகைய ஸ்பீக்கர் கணினியின் பட்டியலில் என்றைக்குமே வராது, அது கோளாறும் அல்ல. பின்னைப் பச்சை நிறத் துளையில் செருகினால் போதும். யூஎஸ்பி முனை மட்டுமே இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, இடையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நம் ஊர் வீடுகளில் இது முக்கியம். கணினி உள்கட்டு அறையில் இருக்கும், ஸ்பீக்கர் பட்டாலையில் இருக்கும். நடுவில் மெல்லிய ஒயர் நீண்டு கிடக்கும். யூஎஸ்பி 2.0 ஒயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் சமிக்ஞை தளரும். ஒயர் மெல்லியதாக இருந்தால் 5 வோல்ட் மின்னழுத்தமும் வழியிலேயே குறைந்துவிடும். மேசைக் கணினியானால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

இனி ஒயர். இங்கே அவசரப்பட வேண்டாம். யூஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறது என்றால் முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று மட்டுமே பொருள். பச்சையோ வெள்ளையோ அறுந்திருந்தாலும் விளக்கு பளிச்சென்று எரியும், கணினியால் மட்டும் ஸ்பீக்கரை அடையாளம் காண முடியாது. முனையை ஒட்டி ஒயர் வளையும் இடத்தில், ரப்பர் உறை வெடித்து உள்ளே கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தை இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக வளைக்கும்போது, செருகியவுடன் கேட்கும் ஒலியைக் கணினி எழுப்பினால் அறுபட்ட இடம் அகப்பட்டுவிட்டது. அதை வெட்டிப் புது முனை சால்டர் செய்வது எந்த எலக்ட்ரானிக்ஸ் பழுதுக் கடைக்கும் சின்ன வேலை. முனையின் உள்ளே களிம்பு படிந்திருந்தால், இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

கோளாறு ஸ்பீக்கரிலா கணினியிலா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி கைபேசி. ஆண்ட்ராய்டு 5.0 முதல், அதாவது 2014 முதல், யூஎஸ்பி ஒலிக்கு ஆதரவு உண்டு. கைபேசியில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி முனை ஒன்றின் வழியாக ஸ்பீக்கரைக் கைபேசியில் செருகுங்கள். பாடினால் ஸ்பீக்கர் நலம். கணினியைக் கவனிக்க வேண்டும். பாடாவிட்டால் அதை வைத்தே முடிவுக்கு வந்துவிடாதீர்கள், கைபேசி தரும் மின்சாரம் போதாமலும் இருக்கலாம். இன்னொரு கணினியிலும் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் முதல் வேலை ரீஸ்டார்ட். ஷட்டவுன் போதாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் பழைய நிலையைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

பிறகு விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பதிவுகள் மங்கலாகத் தெரியும். ஒலிக்கான பிரிவில் உங்கள் ஸ்பீக்கரின் மங்கலான பதிவை வலச் சொடுக்கி அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ஸ்பீக்கரை மறுபடி செருகுங்கள்.

மஞ்சள் முக்கோணத்தோடு அன்நோன் யூஎஸ்பி டிவைஸ் என்று வந்து, உள்ளே கோட் 43 இருந்து, டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு என்றும் எழுதியிருந்தால் கவனியுங்கள். புதிதாக வந்தவரிடம் நம்மூரில் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்பதுபோல், செருகியதைக் கணினி யார் என்று கேட்கிறது. இங்கே பதில் வரவில்லை. கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் இதற்கு மருந்தாகாது. ஒயர், துளை, ஸ்பீக்கரின் சர்க்யூட் போர்டு ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பெயர் சரியாக வந்தும் இயங்காவிட்டால் மட்டும் டிரைவரைத் தொடுங்கள். அப்டேட் டிரைவர் வழியாகச் சென்று, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்னும் பொருளில் வரும் வரியை அழுத்தி, யூஎஸ்பி ஆடியோ டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய யூஎஸ்பி ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை பொதுவான ஒலித் தரத்தில் செய்யப்பட்டவை. அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. ஆகவே இலவச டிரைவர் தருவதாகச் சொல்லும் அறிமுகமில்லாத தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். உங்களுக்குத் தேவையில்லாத மென்பொருள்தான் அவற்றோடு வந்து சேரும்.

கொஞ்ச நேரம் பாடிவிட்டு நின்றுவிடுகிறதென்றால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற பொருளில் உள்ள கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால், திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வழியாக டிவியை இணைத்த பிறகு ஒலி அங்கேயே போய்க்கொண்டிருப்பது சாதாரணம்.

எந்தக் கணினியிலும் பதில் இல்லை, ஒயரும் நன்றாக இருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் ஒலிச் சில்லு போயிருக்கலாம். அப்போதும் ஆம்ப்ளிஃபயர் பகுதி உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. அதற்கு 3.5 மி.மீ. ஒயர் ஒன்றை நேரடியாகச் சேர்த்துத் தர முடியுமா என்று பழுதுக் கடையில் கேளுங்கள், கூலி எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.