புது மெட்டாமாஸ்க் வாலட்டா? காசு போடும் முன் செய்ய வேண்டியவை

கிரிப்டோ காசைக் கையாளும் வாலட் செயலியான மெட்டாமாஸ்க்கை இப்போதுதான் போனில் நிறுவியிருக்கிறீர்கள், உள்ளே இன்னும் காசு போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். நல்லது, இதுதான் சரியான நேரம். கிரிப்டோ திருடர்கள் பூட்டை உடைக்க அதிகம் மெனக்கெடுவதில்லை. சாவியை நம்மிடமே பேசி வாங்கிவிடப் பார்ப்பார்கள். கீழே உள்ளதெல்லாம் அதைத் தடுக்கத்தான்.

1. சொற்களைத் தாளில் எழுதுங்கள்

வாலட் உருவாகும்போது 12 ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டும். சில வாலட்களில் 24 இருக்கும். உங்கள் வாலட் என்பதே இந்தச் சொற்கள்தான். செயலிக்குப் போடும் பாஸ்வேர்டு அந்த ஒரு போனுக்கு மட்டும்தான் காவல். சொற்கள் கிடைத்தவர் எந்த ஊரில் இருந்தாலும் தன் போனில் உங்கள் வாலட்டைத் திறந்துகொள்வார்.

பேனாவால், எண் போட்டு, இரண்டு தாள்களில் எழுதி வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வதும் வேண்டாம். 2025-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், கேலரியில் உள்ள படங்களைப் படித்து இப்படிப்பட்ட சொற்களைத் தேடியது. அது ஒளிந்திருந்த செயலிகள் கூகுள் பிளேயிலும் இருந்தன, ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்தன.

எழுதியாயிற்றா? சரி, இப்போதே செயலியை நீக்கிவிட்டு, மறுபடி நிறுவி, தாளைப் பார்த்துச் சொற்களை உள்ளிடுங்கள். வாலட்டின் முகவரி, அதாவது காசு பெறும் கணக்கு எண் போன்ற நீண்ட எழுத்துத்தொடர், முன்பு இருந்ததே வந்தால் நீங்கள் எழுதியது சரி. இந்தச் சோதனையைக் காசு போட்ட பிறகு செய்ய யாருக்கும் மனம் வராது.

'கஸ்டமர் சப்போர்ட்' என்று வந்து யார் சொற்களைக் கேட்டாலும் திருடர்தான். இதில் விதிவிலக்கே கிடையாது.

2. மின்னஞ்சலையும் எக்ஸ்சேஞ்ச் கணக்கையும் பூட்டுங்கள்

எக்ஸ்சேஞ்ச் என்பது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம். இரண்டுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வையுங்கள். ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் வாங்காமல் போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். திருடர் உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

3. 'அப்ரூவ்' பொத்தானில் நிதானம்

எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. 50 யுஎஸ்டிடியை (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காசு) வேறு டோக்கனாக, அதாவது வேறு கிரிப்டோ காசாக, மாற்ற ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். பணம் நகரும் முன்பே வாலட் ஒரு அனுமதி கேட்கும்: உங்கள் யுஎஸ்டிடியில் எவ்வளவை அந்தத் தளத்தின் ஒப்பந்தம் (தானாக இயங்கும் நிரல்) எடுக்கலாம்? பல தளங்கள் வரம்பே இல்லாத தொகையைக் கேட்கும். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை மாதிரிதான் அது. அந்த எண்ணைத் திருத்தி 50 என்று போட்டுவிட்டுத்தான் ஒப்புதல் தர வேண்டும்.

வேலை முடிந்ததும் 'டிஸ்கனெக்ட்' அழுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும். ரெவோக் டாட் கேஷ் தளத்திலோ ஈத்தர்ஸ்கேனின் அனுமதிச் சரிபார்ப்புப் பக்கத்திலோ போய் அதை ரத்து செய்ய வேண்டும். அதற்குக் கொஞ்சம் நெட்வொர்க் கட்டணம் ஆகும், ஆகட்டும். அப்புறம் இன்னொன்று: கட்டணமே கேட்காத வெறும் கையொப்பத்தாலும் சில டோக்கன்களுக்கு அனுமதி கொடுத்துவிட முடியும். 'இலவசக் காயின்' தருகிறேன் என்று வரும் தளங்களுக்குப் பிடித்த வழி அது.

4. பழைய பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி எடுக்காதீர்கள்

நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் உள்ள ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து ஒரு வெற்றுப் பரிவர்த்தனையை உங்கள் வாலட்டின் பரிவர்த்தனைப் பட்டியலில் திருடர்கள் விழவைப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏமாந்து 1,155 ராப்ட் பிட்காயினை (பிட்காயின் மதிப்பை ஒட்டிய டோக்கன்), அதாவது சுமார் 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது, அது அவருடைய அதிர்ஷ்டம். முகவரியை வாலட்டின் தொடர்புப் பட்டியலில் சேமியுங்கள், நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள், முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள்.

5. சொற்கள் கசிந்துவிட்டால்

பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. அதே சொற்களின் கீழ் இன்னொரு கணக்கு சேர்த்தாலும் பயனில்லை, அதுவும் அந்தச் சொற்களிலிருந்தே பிறப்பதால் திருடருக்கும் திறக்கும். புதுச் சொற்களோடு புது வாலட் உருவாக்கி, இருப்பதில் விலை கூடியதை முதலில் மாற்றுங்கள்.

பணம் போய்விட்டிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கலாம். புகாரில் பரிவர்த்தனை ஹாஷையும் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு) காசு போன முகவரியையும் முழுதாகக் கொடுங்கள். புலம்பலைப் பொதுவெளியில் எழுதினால், மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் ஆள் வருவார், முன்பணமும் கேட்பார். பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.