பெரியவர்களின் ஞாபகத்துக்குக் கணினி விளையாட்டு: வீட்டிலேயே தொடங்குவது எப்படி?

ஒரு லேப்டாப், தனியாக ஒரு மவுஸ், குடும்பப் போட்டோக்கள் கொஞ்சம், தினமும் அரை மணி நேரம், பக்கத்தில் உட்கார நீங்கள். தேவை இவ்வளவுதான். இதில் கடைசியில் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபோனில் ஓர் ஆப்பை இறக்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால், மூன்றாம் நாள் அதை யாரும் தொடமாட்டார்கள்.

தொடங்கும் முன், என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை வைத்து 'ஆக்டிவ்' என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 2002-இல் வெளியாயின. ஒரு குழுவுக்கு ஞாபகப் பயிற்சி, இன்னொன்றுக்கு யோசித்து விடை காணும் பயிற்சி, மூன்றாவதற்குக் கணினித் திரையில் சட்டென்று கவனிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். யார் எதைப் பழகினார்களோ அதில் தேறினார்கள். ஒன்றில் வந்த தேர்ச்சி மற்றொன்றுக்குத் தாவவில்லை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மற்ற இரண்டு பயிற்சிகளின் பலன் ஓரளவு நின்றிருந்தது. ஞாபகப் பயிற்சியின் பலன் நிற்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயங்கள். அப்பாவுக்குப் பேரன் பேத்திகளின் பெயர் மறக்கிறதென்றால், விளையாட்டே அந்தப் பெயர்களை வைத்து இருக்க வேண்டும். அடுத்தது, சில வாரம் ஆடிவிட்டு நிறுத்தினால் ஞாபகத்துக்கு அதிகம் மிஞ்சாது. 'மறதி நோய் வராமல் தடுக்கும்' என்று சொல்லிக் காசு கேட்கிற ஆப்கள் பக்கம் போகவே வேண்டாம். அப்படிப்பட்ட விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் மூளைப் பயிற்சி ஆப் விற்ற லுமாசிட்டி நிறுவனம் மீது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2016-இல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கீழே சொல்லியிருக்கும் பயிற்சிகளுக்கு, மவுஸைத் தவிர, தனியாக ஒரு பைசா செலவில்லை.

படி 1: திரையைக் கண்ணுக்குப் பழக்குங்கள்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அதற்குள் அக்ஸஸிபிலிட்டி போங்கள். டெக்ஸ்ட் சைஸில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். 'மவுஸ் பாயிண்டர் அண்ட் டச்' என்ற இடத்தில் அம்புக்குறியைப் பெரிதாக்கி, பளிச்சென்ற நிறம் கொடுங்கள். பிரவுசரில் கண்ட்ரோல் விசையோடு பிளஸ் குறியை அழுத்தினால் பக்கம் பெரிதாகும். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். படிக்கிற கண்ணாடியில் லேப்டாப் தூரம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டுவிடுங்கள். பலருக்குத் தெரியாது, ஆனால் சொல்லமாட்டார்கள்.

படி 2: முதல் வாரம் முழுக்க மவுஸ்தான்

இந்த வாரத்தில் ஞாபகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். லேப்டாப்பின் டச்பேட் வேண்டாம். விரல் நுனி உலர்ந்திருந்தாலோ கை நடுங்கினாலோ அது படுத்தும். கைக்கு அடக்கமான சாதாரண மவுஸ் வாங்கி, செட்டிங்ஸில் அதன் வேகத்தைக் குறைத்துவையுங்கள்.

புதிதாகப் பிடிப்பவரின் கையை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். அம்புக்குறியைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்துவார். பொத்தானை அழுத்தும்போது மொத்தக் கையும் சேர்ந்து அழுந்தும், மவுஸ் அரை அங்குலம் நகரும், கிளிக் வேறெங்கோ விழும். உடனே 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா' என்பார். மணிக்கட்டை மேஜையில் ஊன்றச் சொல்லுங்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மவுஸின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள, ஆள்காட்டி விரல் மட்டும் அழுத்தட்டும். அவர் கைமேல் உங்கள் கையை வைத்து நகர்த்தாதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே செய்யட்டும்.

இழுத்துப் போடுவதற்குப் பழக, சாலிடேர் சீட்டாட்டத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் அது வந்தபோது, மவுஸையே பார்த்திராத ஒரு தலைமுறை அதில்தான் இழுக்கவும் விடவும் பழகியது. கூகுளில் சாலிடேர் என்று ஆங்கிலத்தில் தேடினால் அங்கேயே ஆடலாம். எளிதான நிலையைத் தேர்ந்தெடுங்கள். ரம்மி ஆடியவர்களுக்கு விதியை விளக்க ஒரு நிமிடம் போதும்: கறுப்பின்மேல் சிவப்பு, சிவப்பின்மேல் கறுப்பு, எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும், ஏஸை மேலே தனியாக எடுத்து, அதன்மேல் அதே ஜாதிச் சீட்டை ஏறுவரிசையில் அடுக்க வேண்டும், காலியான வரிசையில் ராஜா மட்டும்தான் உட்காரலாம்.

படி 3: ஜோடி சேர்ப்பது

கவிழ்த்துவைத்த படங்களில் இரண்டிரண்டாகத் திறந்து ஜோடி கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஜீகாம்ப்ரி என்ற இலவச மென்பொருளில் இது பல வகையில் இருக்கிறது. குழந்தைகளுக்காகச் செய்ததுதான், ஆனால் விளம்பரம் கிடையாது, காசு கேட்காது, படங்கள் பெரிதாக இருக்கும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அப்பா முகம் சுளித்தால், பேரனையோ பேத்தியையோ எதிரில் உட்கார வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் முகம் சுளிக்கமாட்டார். குறைந்த படங்களில் தொடங்கி, மூன்று நாள் தொடர்ந்து சுலபமாக முடித்தால் அடுத்த நிலைக்குப் போங்கள்.

படி 4: உங்கள் வீட்டுப் போட்டோக்களில் ஒரு விளையாட்டு

இதற்காகத்தான் இவ்வளவும். பவர்பாயின்ட் இருந்தால் அதிலேயே செய்யலாம். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸின் இம்ப்ரெஸ் இலவசம்.

பெரியவருக்குத் தடுமாறுகிற பெயர்களில் ஐந்தை மட்டும் எடுங்கள். யார் யார் என்று அவரே சொல்லட்டும்; நீங்களாக ஐம்பது பேரை அடுக்காதீர்கள். புதிய மருமகன், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர், வாரம் ஒருமுறை வருகிற பிசியோதெரபி தம்பி என்று இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ. முகம் நேராக, தனியாக, சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். கல்யாண மேடையில் பத்துப் பேர் நிற்கும் படம் உதவாது.

முதல் ஸ்லைடில் படத்தை மட்டும் போட்டு, திரை நிறையப் பெரிதாக்குங்கள். இடதுபக்கப் பட்டியில் அந்த ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, டூப்ளிகேட் கொடுங்கள். இரண்டாவதில் படத்துக்குக் கீழே பெயரையும் உறவையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள்: 'கார்த்திக், மீனாவின் வீட்டுக்காரர்' என்பதுபோல. ஐந்து பேருக்கும் இதேபோல் செய்தால் பத்து ஸ்லைடுகள். எஃப்5 விசையை அழுத்தினால் முழுத்திரையில் ஓடும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்தது வரும். அதைத் தட்டுவது அவர் வேலை.

எப்படி ஆடுவது என்பதில்தான் பலன் இருக்கிறது. ஐந்து பேரையும் ஒரே நாளில் ஓட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முகம். படத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, உடனே 'இது யாரு?' என்று கேளுங்கள். சொல்லிவிடுவார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். பிறகு இரண்டு நிமிடம், நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் சும்மா காத்திருக்க வேண்டாம், சாலிடேர் ஆடட்டும். எட்டு நிமிட இடைவெளிக்குப் பிறகு சீட்டிலிருந்து தலை நிமிர்த்தி 'கார்த்திக்' என்று சொன்னால், அந்தப் பெயர் கொஞ்சம் ஆழமாகவே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் புது முகத்துக்குப் போகும் முன் முந்தைய நாள் முகத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சொல்ல முடியவில்லை என்றால் யோசிக்க வைத்துத் திணறடிக்காதீர்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டி விடையைக் காட்டுங்கள், ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள், கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்கே திரும்புங்கள். இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும் இந்த முறை என் யோசனை இல்லை. லாண்டவர், பியார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல், பெயர்களை மனத்தில் நிறுத்தவே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்னாளில் மறதி நோய் உள்ளவர்களுக்கும் இதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விருந்தாளிகள் முன்னால் 'அப்பா, இவர் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்காதீர்கள். விளையாட்டு என்று நினைத்துத்தான் கேட்போம். அவருக்கு அது அவமானம். அந்த ஒரு மாலைப்பொழுது போதும், லேப்டாப்பை அவர் மறுபடி திறக்காமல் இருக்க.

படி 5: சுலபமாகிவிட்டால் மாற்றுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிற அளவுக்கு ஒரு விளையாட்டு பழகிவிட்டால், அது பொழுதுபோக்குதான். பொழுதுபோக்கு நல்லதே, அதோடு புதிதாக ஒன்றையும் சேருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55 முதல் 75 வயது வரை உள்ளவர்களை ஆறு மாதம், வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் சூப்பர் மாரியோ 64 என்ற முப்பரிமாண வீடியோ கேம் ஆட வைத்தார்கள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் (நரம்புச் செல்கள் நிறைந்த திசு) கூடியிருந்ததை 2017-இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும், தெரியாத இடத்தில் வழி கண்டுபிடித்து அதை மனத்தில் பதித்துக்கொள்ளும் வேலை மூளைக்கு நல்லது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மாரியோதான் வேண்டும் என்றில்லை. முப்பரிமாண விளையாட்டுகளில் சிலருக்குத் தலை சுற்றும். சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். சுடோகு, செஸ் எதுவானாலும் சரி, அவருக்குப் புதிதாக இருக்க வேண்டும். பல்லாங்குழி ஆடிய கைகளுக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த மன்காலா கணினியில் கிடைக்கிறது. காய் எண்ணும் பழக்கம் அப்படியே கைகொடுக்கும்.

அரை மணி முடிந்ததும் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்காக நடைப்பயிற்சியைக் குறைக்கக் கூடாது. 2024-இல் வெளிவந்த லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, பார்வைக் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் உண்டு. கேட்கும் கருவி டிராயரில் தூங்கினால், முதல் வேலையாக அதை எடுத்து மாட்டிவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

போன மாதம் சரளமாக ஆடிய சாலிடேரில் இப்போது விதியே குழம்புகிறது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய தெருவில் வழி தவறுகிறார், பணக் கணக்கு தடுமாறுகிறது என்றால் விளையாட்டை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம் போன்ற, சிகிச்சையால் சரியாகக்கூடிய காரணங்களாகவும் இருக்கலாம். குழப்பம் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வந்தால் அன்றே போங்கள். போகும்போது, கடையில் சொந்தமாக வாங்கியது உட்பட அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தூக்க மாத்திரைகளும் சில அலர்ஜி மாத்திரைகளும் மறதியைக் கூட்டக்கூடியவை.