வெப்ப உணரிச் சில்லுகளுக்கான இயக்கிகளை லினக்ஸில் ஏற்றி, அவை தரும் அளவுகளைச் சரிபார்க்கும் முறை

கணினியின் வெப்பநிலை என்று திரையில் நாம் காணும் எண், அங்கு வந்து சேர்வதற்குள் பல படிகளைக் கடந்து வருகிறது. சிலிக்கானுக்குள் இருக்கும் டயோடோ, மதர்போர்டில் பற்றவைத்த தெர்மிஸ்டரோ (வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் கூறு) வெப்பத்துக்கேற்ப ஒரு மின்னழுத்த மாற்றத்தை உண்டாக்குகிறது. கண்காணிப்புச் சில்லு அதை எண்ணாக்கித் தன் ரெஜிஸ்டரில் (சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடத்தில்) வைக்கிறது. கர்னலில் (இயங்குதளத்தின் உட்கருவில்) உள்ள இயக்கி, அதாவது சில்லோடு பேசும் நிரல், அந்த ரெஜிஸ்டரைப் படித்துக் கோப்பாக வெளியிடுகிறது. பயன்பாட்டு நிரல் அதற்கு ஒரு பெயர் சூட்டி நமக்குக் காட்டுகிறது. இவற்றுள் எந்தப் படியில் பிழை நேர்ந்தாலும் கடைசியில் கிடைப்பது ஓர் எண்ணாகவே இருக்கும். பார்வைக்குச் சரியான எண்ணிலிருந்து அதை வேறுபடுத்த முடியாது. இயக்கியை ஏற்றுவது சில நிமிட வேலை. ஏற்றிய பின் வரும் எண் எந்தப் பொருளின் வெப்பநிலை என்று உறுதி செய்வதே உண்மையான வேலை என்பதால், இங்கு அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தச் சில்லு எங்கே இருக்கிறது

வழக்கமான மேசைக் கணினியில் மூன்று வகை உணரிகள் இருக்கும். முதல் வகை செயலிக்குள்ளேயே இருப்பது. இன்டெல் செயலிகளில் அதைக் ‘கோர்டெம்ப்’ இயக்கியும், ஏஎம்டி செயலிகளில் ‘கே10டெம்ப்’ இயக்கியும் படிக்கின்றன. இரண்டாவது, மதர்போர்டில் உள்ள சூப்பர் ஐ/ஓ சில்லு. நுவோடான், ஐடிஇ, ஃபின்டெக் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் இச்சில்லுதான் மின்விசிறிகளின் வேகத்தையும், மின்வழங்கியிலிருந்து வரும் அழுத்தங்களையும், போர்டின் வெப்பநிலையையும் அளக்கிறது. இதற்கு ‘என்சிடி6775’, ‘ஐடி87’, ‘எஃப்71882எஃப்ஜி’ முதலிய இயக்கிகள் உள்ளன. மூன்றாவது வகை, ஐ2சி அல்லது எஸ்எம்பஸ் எனப்படும் இரு கம்பிப் பாட்டையில் (பஸ்) அமர்ந்திருக்கும் சிறு சில்லுகள். எல்எம்75 இவற்றுள் பழையது, இன்றும் பரவலாகப் புழங்குவது. இவை தவிர, சேமிப்பு வட்டுகளும் தம் வெப்பநிலையைத் தாமே தெரிவிக்கின்றன: என்விஎம்இ வட்டுகளுக்குக் கர்னல் 5.5 முதலும், சாட்டா வட்டுகளுக்கு 5.6 முதல் ‘டிரைவ்டெம்ப்’ இயக்கி வழியாகவும் இவ்வசதி கிடைக்கிறது. ‘டிரைவ்டெம்ப்’ தானாக ஏறாது. நாமே ஏற்ற வேண்டும்.

செயலிக்கான இயக்கிகள் செயலியின் வகையை அறிந்து பெரும்பாலும் தாமாகவே ஏறிவிடுகின்றன. சூப்பர் ஐ/ஓ சில்லு அப்படித் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 2இ அல்லது 4இ என்னும் போர்ட் முகவரியில் ஒரு குறிப்பிட்ட திறவு வரிசையை எழுதித் தட்டிப் பார்த்தால்தான் அது பதில் சொல்லும். ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ என்ற நிரல் தேவைப்படுவது இதற்காகத்தான்.

இயக்கியைக் கண்டறிந்து ஏற்றுதல்

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘எல்எம்-சென்சார்ஸ்’ என்ற தொகுப்பை நிறுவியபின், ரூட் (நிர்வாகி) உரிமையுடன் ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ கட்டளையை இயக்குங்கள். அது ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் முன்னால் அனுமதி கேட்கும். முன்னிருப்பு விடையை ஏற்று எண்டர் விசையை மட்டும் அழுத்திச் செல்வதே பாதுகாப்பானது. முன்னிருப்பில் ‘வேண்டாம்’ என்றிருக்கும் சோதனைகளுக்கு வலிந்து ‘ஆம்’ என்று சொல்லாதீர்கள். இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு: ஒருகாலத்தில் சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இருந்த 24ஆர்எஃப்08 என்னும் நினைவகச் சில்லின் உள்ளடக்கம், பாட்டையில் முகவரிகளைத் துழாவிய ஒரே காரணத்தால் சிதைந்து, கணினி தொடங்கவே முடியாத நிலை ஏற்பட்டது. ஐ2சி பாட்டையில் ‘படிப்பதனால் என்ன கெட்டுவிடும்’ என்ற எண்ணம் தவறு.

சோதனையின் முடிவில் தேவையான இயக்கிகளின் பெயர்களை நிரல் தெரிவித்து, அவற்றைத் தொடக்கக் கோப்பில் எழுதிவைக்கட்டுமா என்று கேட்கும். அப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் பரிந்துரை. முதலில் ‘மாட்ப்ரோப்’ கட்டளையால் இயக்கியைக் கையால் ஏற்றி, ‘டிமெசேஜ்’ காட்டும் கர்னல் பதிவில் அது எந்தச் சில்லை, எந்த முகவரியில் கண்டது என்று பாருங்கள். ஒரு நாள் முழுதும் கணினி இயல்பாக இயங்கிய பிறகு, ஈடிசி அடைவில் உள்ள ‘மாட்யூல்ஸ்-லோட்.டி’ என்ற துணை அடைவில் உள்ள ஒரு கோப்பில் இயக்கியின் பெயரை எழுதினால் போதும்.

கோப்புகளை நேரடியாகப் படித்தல்

‘சென்சார்ஸ்’ கட்டளை எல்லாவற்றையும் அழகாக அடுக்கிக் காட்டும். ஆனாலும் அதன் அடியில் இருப்பதை ஒருமுறையேனும் கண்ணால் பார்ப்பது நல்லது. சிஸ் அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘எச்டபிள்யூமான்’ என்று சென்றால், ‘எச்டபிள்யூமான்0’, ‘எச்டபிள்யூமான்1’ என்று ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் அடைவு இருக்கும். அதில் ‘நேம்’ என்ற கோப்பு சில்லின் பெயரையும், ‘டெம்ப்1_இன்புட்’ என்ற கோப்பு வெப்பநிலையையும் தரும். கர்னலுக்குள் பதின்மப் புள்ளிக் கணக்கைத் தவிர்ப்பதால் எல்லாம் முழு எண்களே: 46500 என்று இருந்தால் அது 46.5 டிகிரி செல்சியஸ். வெப்பநிலை மில்லி டிகிரியிலும், அழுத்தம் மில்லிவோல்ட்டிலும், விசிறி நிமிடச் சுழற்சியிலும், மின்திறன் மைக்ரோவாட்டிலும் வரும். திறனை மட்டும் மில்லியாக எண்ணி ஆயிரத்தால் வகுத்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு.

அடைவின் கடைசியில் உள்ள எண்ணை ஒருபோதும் நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். இயக்கிகள் ஏறும் வரிசைக்கேற்ப அந்த எண் வழங்கப்படுவதால், இன்று செயலிக்குரியதாக இருந்த ‘எச்டபிள்யூமான்2’ அடுத்த மறுதொடக்கத்தில் வட்டுக்கு உரியதாகிவிடலாம். ஒவ்வொரு முறையும் ‘நேம்’ கோப்பைப் படித்து உரிய அடைவைத் தேடிப்பிடிப்பதே சரி.

எண் உண்மையைச் சொல்கிறதா

செயலியிலிருந்தே தொடங்கலாம். இன்டெல் செயலியின் உள்ளிருக்கும் டிஜிட்டல் உணரி வெப்பநிலையைச் சொல்வதில்லை. தன் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதையே சொல்கிறது. ‘டிஜேமேக்ஸ்’ எனப்படும் அந்த உச்ச வரம்பிலிருந்து அதைக் கழித்து, ‘கோர்டெம்ப்’ இயக்கி நமக்கு வெப்பநிலையாகத் தருகிறது. நெஹேலம் தலைமுறை முதல் வந்த செயலிகளில் உச்ச வரம்பைச் செயலியிடமே கேட்டறியலாம். அதற்கு முந்தைய பலவற்றில் இயக்கி அதை ஊகிக்க வேண்டியிருப்பதால், எல்லா எண்களும் ஒரே அளவில் கூடியோ குறைந்தோ நிற்கக்கூடும். மேலும், இந்த உணரி உச்ச வரம்பை நெருங்கும்போது துல்லியமாகவும், செயலி ஓய்ந்திருக்கும்போது துல்லியம் குறைந்தும் இருக்கும். ஆகவே ஓய்வுநிலை எண்ணில் இரண்டு மூன்று டிகிரி வேறுபாட்டைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை.

ஏஎம்டியில் ‘டிகண்ட்ரோல்’ என்று காட்டப்படுவது விசிறியைக் கட்டுப்படுத்துவதற்கென வகுத்த ஓர் அளவுகோல். அதைச் சிலிக்கானின் உண்மையான வெப்பநிலையாகக் கொள்ளக்கூடாது. ரைசன் 7 1800எக்ஸ் செயலியில் அது உண்மை வெப்பநிலையைவிட 20 டிகிரியும், முதல் தலைமுறை த்ரெட்ரிப்பர் 1950எக்ஸில் 27 டிகிரியும் கூடுதலாக இருக்கும். அந்த வேறுபாடு இயக்கிக்குத் தெரிந்திருந்தால் ‘டிடை’ என்ற மற்றொரு வரியில் கழித்துக் காட்டும். அந்த வரி இருந்தால் அதையே பாருங்கள்.

சூப்பர் ஐ/ஓ சில்லு தரும் எண்களில்தான் ஏமாற்றம் மிகுதி. அச்சில்லில் உள்ள எல்லா உள்ளீடுகளையும் போர்டைத் தயாரித்தவர் பயன்படுத்தியிருக்க மாட்டார். எதனோடும் இணைக்கப்படாத உள்ளீடு 127 என்றோ, மைனஸ் கணக்கிலோ, காரணமில்லாமல் தாவும் எண்ணாகவோ தோன்றும். உணரியின் வகையைத் தவறாக அமைத்திருந்தாலும் எண் பிழைபடும்: தெர்மிஸ்டரை டயோடாகக் கருதினால் கிடைக்கும் அளவுக்குப் பொருளே இல்லை. ‘டெம்ப்1_டைப்’ என்ற கோப்பு இருந்தால், அதில் 3 என்பது வெப்ப டயோடையும், 4 என்பது தெர்மிஸ்டரையும், 6 என்பது இன்டெலின் பெசி இணைப்பையும் (செயலி தன் வெப்பநிலையைத் தெரிவிக்கும் கம்பி) குறிக்கும். ஒரு சேவையகத்தில் 110 டிகிரிக்கு மேல் அசையாமல் நின்ற ஓர் எண்ணுக்காக நானும் நண்பர் ஒருவரும் வெப்பத்தகட்டைக் கழற்றித் துடைத்துப் பசையை மாற்றினோம். அது எதனோடும் இணைக்கப்படாத உள்ளீடு என்பது பிறகே தெரிந்தது. எண் அசைகிறதா என்பதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்த வேலையே தேவைப்பட்டிருக்காது.

அசைகிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது குளிர்ந்த நிலைச் சோதனை: இரவு முழுதும் அணைத்து வைத்திருந்த கணினியைக் காலையில் தொடங்கிய உடனே எல்லா எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலி சில நொடிகளிலேயே சூடேறிவிடும் என்றாலும், போர்டும் வட்டுகளும் அறையின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். காற்றால் குளிரும் கணினியில் அறையைவிடக் குளிர்ந்ததாகக் காட்டும் உணரி பொய் சொல்கிறது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டாவது சுமைச் சோதனை: செயலிக்குப் பத்து நிமிடம் முழுச்சுமை கொடுத்து, எந்த எண் உடனே ஏறுகிறது, எது மெல்ல ஏறுகிறது, எது அசையவே இல்லை என்று கவனியுங்கள். உடனே ஏறுவது செயலிக்கு உரியது. மெல்ல ஏறி, சுமை நின்ற பிறகும் சற்று நேரம் இறங்காமல் இருப்பது போர்டுக்கு உரியது. பயாஸ் திரையில் உள்ள எண்களோடும் ஒப்பிடலாம். ஆனால் பயாஸ் திரையில் செயலி ஓய்வுநிலைக்குச் செல்லாததால் அங்கு சற்றுக் கூடுதலாகத் தெரிவது இயல்பு.

அழுத்தங்களுக்கு வேறொரு சிக்கல். எல்எம்78 போன்ற சில்லு 4.08 வோல்ட் வரைதான் அளக்கும் என்பதால், 12 வோல்ட் தடத்தை இரண்டு மின்தடைகளால் பகுத்தே அதற்குக் கொடுக்கிறார்கள். 28 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் இருந்தால், 12 வோல்ட் என்பது சில்லின் காலில் ஏறத்தாழ 3.16 வோல்ட்டாக வந்து சேரும். மின்தடைகளின் மதிப்பு இயக்கிக்குத் தெரியாது. போர்டுக்குப் போர்டு மாறும் அந்த மதிப்பை அமைப்புக் கோப்பில் நாம்தான் எழுத வேண்டும். ஈடிசி அடைவில் ‘சென்சார்ஸ்.டி’ என்ற துணை அடைவுக்குள் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, ‘சிப்’ என்ற வரியில் சில்லின் பெயரையும், ‘கம்ப்யூட்’ என்ற வரியில் படிக்கும்போது 3.8 ஆல் பெருக்குவதற்கும் எழுதும்போது 3.8 ஆல் வகுப்பதற்குமான இரு கோவைகளையும் தர வேண்டும். ‘லேபிள்’ வரியால் பெயரிடலாம். இணைப்பில்லாத உள்ளீட்டை ‘இக்னோர்’ வரியால் மறைக்கலாம். தொகுப்போடு வரும் பொது அமைப்புக் கோப்பைத் திருத்தாதீர்கள். அடுத்த மேம்படுத்தலின்போது உங்கள் திருத்தம் மோதலுக்குள்ளாகும்.

இயக்கி ஏற மறுக்கும்போது

சூப்பர் ஐ/ஓ இயக்கியை ஏற்றும்போது, அந்தப் போர்ட் முகவரிகளை ஏசிபிஐ (வன்பொருளை நிர்வகிக்க பயாஸ் தரும் இடைமுகம்) ஏற்கனவே தனக்கென வைத்திருக்கிறது என்ற மோதல் செய்தியோடு கர்னல் மறுப்பது உண்டு. கர்னல் தொடக்க வரியில் ‘ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்’ என்ற அளபுருவுக்கு ‘லாக்ஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால் இயக்கி ஏறிவிடும் என்று பலரும் சொல்வார்கள், ஏறுவதும் உண்மைதான். ஆனால் இச்சில்லுகளில் முதலில் எந்த ரெஜிஸ்டர் வேண்டும் என்று எழுதி, பிறகு அதைப் படிக்க வேண்டும். இந்த இரண்டு செயல்களுக்கும் இடையில் நிலைபொருள் (போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் போன்ற நிரல்) புகுந்து வேறொரு ரெஜிஸ்டரைத் தேர்ந்துவிட்டால், நம் இயக்கி தவறான இடத்தைப் படிக்கும். எழுதும் வேளையாக இருந்தால் தவறான இடத்தில் எழுதும். ஆகவே முதலில் போர்டுக்குரிய மாற்று இயக்கி உண்டா என்று பாருங்கள்: ‘ஜிகாபைட்-டபிள்யூஎம்ஐ’ நிலைபொருளின் வழியாகவே கேட்டறிவதாலும், ‘ஏசஸ்-ஈசி-சென்சார்ஸ்’ நிலைபொருள் பயன்படுத்தும் பூட்டைத் தானும் பெற்றே படிப்பதாலும் மோதல் எழுவதில்லை. அவை பொருந்தாதபோது, படிப்பதற்கு மட்டும், அதுவும் இழப்பதற்கு எதுவுமில்லாத கணினியில் மட்டும் அந்த அளபுருவைப் பயன்படுத்தலாம்.

தனிச் சில்லைக் கையால் இணைத்தல்

ஒற்றைப் பலகைக் கணினியில் எல்எம்75 சில்லைப் பொருத்தியிருந்தால், இயக்கி தானாக அதைக் கண்டுகொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். அச்சில்லில் அடையாள ரெஜிஸ்டர் இல்லாததால் தானியங்கிக் கண்டறிதல் வெறும் ஊகமே. அதன் மூன்று முகவரிக் கால்கள் ஹெக்ஸ் 48 முதல் 4எஃப் வரை எட்டு முகவரிகளைத் தருகின்றன. மூன்றும் தரையோடு இணைந்திருந்தால் முகவரி 48. அந்த ஐ2சி பாட்டையின் அடைவில் உள்ள ‘நியூ_டிவைஸ்’ கோப்பில் இயக்கியின் பெயரையும் முகவரியையும் எழுதினால் போதும், இயக்கி இணைந்துவிடும். நிலையாக வேண்டுமென்றால் டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பில்) எழுதுங்கள். இணைந்ததும் ‘டெம்ப்1_மேக்ஸ்’ 80000 என்றும், அதன் ‘ஹிஸ்ட்’ கோப்பு (வரம்பு மீறிய எச்சரிக்கை விலகும் வெப்பநிலை) 75000 என்றும் இருந்தால் மகிழலாம்: மின்சாரம் பெற்ற உடன் எல்எம்75 கொள்ளும் இயல்பு வரம்புகள் அவையே.

சில்லின் ரெஜிஸ்டரை ‘ஐ2சிகெட்’ கட்டளையால் நேரடியாகப் படித்து ஒப்பிட விரும்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள். எல்எம்75 உயர் பைட்டை முதலில் அனுப்புகிறது. எஸ்எம்பஸ் முறையோ தாழ் பைட் முதலில் வருவதாகக் கொள்கிறது. எனவே ஹெக்ஸ் 8019 என்று வந்தால் அதை 1980 என்று திருப்ப வேண்டும். மேலுள்ள ஒன்பது பிட்டுகளை மட்டும் எடுத்தால் 51; ஒவ்வொன்றும் அரை டிகிரி என்பதால் வெப்பநிலை 25.5. இயக்கியின் கோப்பில் 25500 என்றிருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. மைனஸ் 25 முதல் 100 டிகிரி வரை இச்சில்லின் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி. அரை டிகிரிப் படிகளில் காட்டுவதால் அரை டிகிரித் துல்லியம் உண்டு என்று கொள்ளக்கூடாது.

விசிறியைத் தொடுவது கடைசியில்

மேற்சொன்னவை எல்லாம் முடிந்த பிறகே விசிறிக் கட்டுப்பாட்டுக்கு வாருங்கள். விசிறியின் வேகத்தைக் குறிக்கும் ‘பிடபிள்யூஎம்1’ கோப்பு 0 முதல் 255 வரை மதிப்பு கொள்ளும். ‘பிடபிள்யூஎம்1_எனேபிள்’ கோப்பில் 1 என்று எழுதினால் கட்டுப்பாடு சில்லிடமிருந்து உங்கள் கைக்கு வரும். அப்படி எடுத்துக்கொண்ட நிரல் இடையில் நின்றுபோனால் விசிறி கடைசி வேகத்திலேயே நிற்கும். செயலி எவ்வளவு சூடேறினாலும் அந்த வேகம் உயராது. ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ நிரல் ஒவ்வொரு விசிறியையும் சில நொடிகள் நிறுத்திப் பார்ப்பதால், சுமை எதுவும் இல்லாதபோது மட்டும் அதை இயக்குங்கள். அது உருவாக்கும் கோப்பைக் கொண்டு இயங்கும் ‘ஃபேன்கண்ட்ரோல்’ சேவை, அடைவு எண்கள் மாறியிருப்பதைக் கண்டால் கோப்பு பழையதாகிவிட்டது என்று சொல்லித் தொடங்க மறுக்கும். அந்த மறுப்பைச் சுற்றிவர வழி தேடாமல், ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’கை மீண்டும் இயக்கிக் கோப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.